பாடி மில்லின் கார்டு பாய்

பூந்தமல்லி தஸ்தகீரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷன் என்று பெண் கொடுத்த மாமனாரே சொல்லுவார். தன் சொந்த நிக்காஹ் விருந்தில், மாப்பிள்ளைக் கோலத்தோடு பிரியாணி தேக்சா பக்கம் போய், மூடியைத் திறக்காமலே மூக்கை நீட்டி, "அடி புடிச்சிட்சி மாமூ" என்று நூறு பேர் முன்னால் சொன்னவர் அவர். சமையல்காரர் கரண்டியை வீசிவிட்டுக் கிளம்பினார். திறந்து பார்த்தால் அடி பிடித்துத்தான் இருந்தது. அதற்காக யாராவது அவரை மெச்சினார்களா என்றால் இல்லை. ஒருவன் சொன்னது சரியாகிப் போனால் அவன்மேல் நமக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே, தப்பாய்ச் சொன்னவன்மேல்கூட அவ்வளவு வராது.

இந்த மூக்கையும் காதையும் வைத்துக்கொண்டுதான் அவர் பிழைப்பு நடத்தினார். பாடியில் ரோட்டோரம் இருந்த மாவு மில்லில் மோட்டார்க்காரர் வேலை. யுத்தத்துக்காக ஆவடிப் பக்கம் வந்து கூடாரம் அடித்திருந்த பட்டாளத்துக்குக் கோதுமை அரைத்து அனுப்புகிற மில் அது. நூற்றைம்பது குதிரை சக்தி மோட்டார் ஒன்று, ஒரு கொட்டகையை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து போகிற அகலமான தோல் பெல்ட்டுதான் மில்லில் இருந்த அத்தனை அரவைக்கல்லையும் சுற்ற வைத்தது. மோட்டார் நின்றால் நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தினமும் காலையில் பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார் தஸ்தகீர். மில் ஓட ஆரம்பித்ததும் ஒரு சவுக்குக் குச்சியை எடுத்து, ஒரு முனையை மோட்டாரின் பேரிங்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, பொய் சொல்லும் என்பார். அப்புறம் மோட்டாரின் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து முகர்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிப்பா சிரி, எரிஞ்சப்புறம் உனுக்குக்கூட வாசன தெரியும்" என்பார் அவர்.

மத்தியானம் மில் நிற்கிற அரைமணி நேரத்தில்தான் முக்கியமான வேலை. மோட்டாருக்குள்ளே சுற்றுகிற உருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற கூடு ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் மெல்லிய இடைவெளி. உருளையைத் தாங்குகிற பேரிங் தேய்ந்தால் உருளை கீழே இறங்கும், இறங்கினால் அடிப்பக்கத்து இடைவெளி குறையும், ஒருநாள் உரசும். உரசினால் கூட்டுக்குள் சுற்றியிருக்கிற செம்புக் கம்பியெல்லாம் வெந்து மோட்டார் போய்விடும். இந்த இடைவெளியை அளப்பதற்கென்று சீமையிலிருந்து வந்த எஃகுத் தகடுகள் மில்லில் இருக்கத்தான் இருந்தன. எஞ்சினீர் அறையில், கண்ணாடி அலமாரியில், பூட்டின பூட்டோடு இருந்தன. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

ஆகவே தஸ்தகீர் தபால் கார்டில் அளந்தார். மச்சினன் வேலூரிலிருந்து எழுதுகிற கார்டுகளை விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடைவெளியில் நுழைத்துப் பார்ப்பார். நாலு கார்டு நுழைந்தால் மோட்டார் சௌக்கியம். மூன்று என்றால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். இரண்டு என்றால் நிறுத்திப் பிரிக்க வேண்டும். பத்து வருஷமாக நாலுக்குக் குறையவில்லை. அவரைக் கார்டு பாய் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான்.

இனி எஞ்சினீர் கோதண்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அம்பத்தூர்க்காரர். லண்டனுக்குத் தபாலில் பணம் கட்டி, தபாலில் பாடம் வாங்கி, தபாலிலேயே பட்டம் வாங்கினவர். அந்தப் பட்டத்துக்குச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டும் தொப்பியைக் கழற்ற மாட்டார். வெயில் எங்கே வந்து தொலைக்கும் என்று பயமோ என்னவோ. மோட்டாரை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. மூன்றடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டுவார். ஏதோ சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண்ணைப் பார்ப்பது மாதிரி.

மணிக்கொரு தரம் பேரிங்கின் சூட்டை எழுத ஒரு தடிப் புத்தகம் இருந்தது. ஆரம்பத்தில் தஸ்தகீர்தான் எழுதினார். ஒருநாள் வழக்கமான நூற்றிருபது டிகிரி பாரன்ஹீட்டுக்குப் பதில் நூற்று முப்பத்தைந்து என்று எழுதிவிட்டார். சூடு அவ்வளவுதான் இருந்தது, எழுதினார். கோதண்டம் அந்தத் தாளைக் கிழித்தார்.

"இதப் பாரு, இந்தப் புஸ்தகம் பெரிய மனுஷங்க பாக்கறது. இதுல நூத்திருபதுதான் இருக்கணும்."

"சூடு ஏறினா, சார்?"

"ஏறாது."

அன்றிலிருந்து புத்தகத்தைக் கோதண்டமே எழுதினார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு, சாயங்காலம் வரைக்கும் ஒரே மூச்சில் நூற்றிருபது, நூற்றிருபது என்று அழகான கையெழுத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். மில் முழுக்க இது தெரியும். முதலாளி வீரராகவனுக்கும் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது எல்லாம் மாவு போகிறதா இல்லையா என்பதுதான், பாவம்.

வெள்ளையனே வெளியேறு என்று ஆகஸ்டில் ஊரெல்லாம் கலவரம் நடந்த அந்த வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மச்சினனுக்கு நிக்காஹ் வந்தது. தஸ்தகீர் பத்து நாள் லீவு எடுத்து வேலூர் போனார். மோட்டாரைத் தங்கவேலுவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தங்கவேலு அவருக்கு அடுத்த ஆள், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவன், ஒழுங்கான பையன்தான். ஆனால் பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாதவன்.

அந்தப் பத்து நாளுக்குள் ஆயுத பூஜை வந்தது. பட்டாளத்து ஆர்டர் வந்த சந்தோஷத்தில் முதலாளி அந்த வருஷம் தடபுடலாகச் செய்தார். மோட்டாருக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடிக்க வந்தவன் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிறவன். அவனுக்கு எது தெரியும்? கண்ணில் பட்டதற்கெல்லாம் கனமாக ஒரு பூச்சுப் பூசினான். பேரிங்குக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் உண்டு, உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க. அதன்மேலும் பூசினான். பெயிண்ட் காய்ந்ததும் அதே வட்டத்தின்மேல் பொருத்தமாய் இருக்கிறதே என்று சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கோதண்டம் தொப்பியோடு கும்பிட்டார்.

பத்து நாள் கழித்து வந்த தஸ்தகீர் மில் வாசலில் சைக்கிளை நிறுத்தினார், உள்ளே போகவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய், அங்கியே நின்னுட்ட?" என்றான் தங்கவேலு.

"யாரு ஊட்டு மோட்டார்டா அது? என் மோட்டார் கொரலு இப்டி இருக்காதே."

கொட்டகைக்குள் போனவர் பச்சைப் பூச்சைப் பார்த்தார், கண்ணாடி வட்டத்தைத் தேடினார், சந்தனத்தைப் பார்த்தார். "எண்ணெ பாத்தியா?" என்று கேட்டார். தங்கவேலு தலையைச் சொறிந்தான். கண்ணாடி தெரியவில்லை என்று எஞ்சினீரிடம் கேட்டானாம். புதுப் பெயிண்டைச் சுரண்டாதே, எண்ணெய் இருக்கும் என்றாராம். இருக்கும் என்று இவனும் இருந்துவிட்டான்.

தஸ்தகீர் மேல் மூடியைக் கழற்றி ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார். நுனியில் பட்டும் படாமலும் எண்ணெய் ஒட்டியது. தொட்டியின் அடித் திருகில் ஒரு கசிவு. பத்து நாளாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. குச்சியில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளி மாதிரித் துகள் மினுங்கியது. அது பேரிங்கின் உடம்பு. கரைந்து எண்ணெயோடு வந்துகொண்டிருந்தது.

"பேரிங்க தின்னுட்டானுங்கடா, பாவிங்களா!" என்று கத்தினார். கத்திக்கொண்டே கசிவை அடைத்து எண்ணெயை ஊற்றினார். ஒரு கம்பியை எடுத்துச் சந்தனம் குங்குமத்தோடு சேர்த்துக் கண்ணாடி மேலிருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் வந்தார்.

"என்ன பண்றே? பூஜை பண்ணின மோட்டார் அது! பொட்டைப் போய்ச் சுரண்டறியே, எங்க சாமின்னா உனக்கு அவ்வளவு எகத்தாளமா?"

கொட்டகை வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். தஸ்தகீருக்கு முகம் சிவந்தது. அந்தப் பேச்சு எந்தத் திசையில் போகிறது என்று அவருக்குத் தெரியாதா?

"உங்க சாமிமேல எனக்கு மரியாத கீது சார். கோயில்ல சாமி செஞ்சா, பூஜைக்கு மின்னாடி கண்ணு தொறக்கறீங்க இல்ல? மோட்டாருக்கு மட்டும் ஏன் சார் கண்ண மூடறீங்க?"

தங்கவேலு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கோதண்டம் அதை மன்னிக்கவில்லை. மறுநாளே பெயிண்ட்காரனை வரவழைத்து, சுரண்டின இடத்தில் திரும்பவும் பூசி, பொட்டும் வைக்கச் செய்தார். சுரண்டினால் வேலை போய்விடும் என்றார். கெட்டிக்காரர். ஒரு தப்பை இரண்டு தடவை செய்தால் அது கொள்கை ஆகிவிடும் என்று தெரிந்து வைத்திருந்தார்.

தஸ்தகீர் லீவு முடிந்து வந்த அன்று மத்தியானமே கார்டு மூன்றுதான் நுழைந்தது. தஸ்தகீர் தினமும் ஈர்க்குச்சி விட்டு எண்ணெயைச் சரியாக வைத்துக்கொண்டார். ஆனால் ஒருமுறை புண்பட்ட பேரிங் சும்மா இருக்காது. மூன்று வாரத்தில் இரண்டு கார்டு ஆனது. அவர் எஞ்சினீர் அறைக்குப் போய், நாற்காலி கொடுக்கப்படாமல் நின்றுகொண்டு சொன்னார்.

"பேரிங்க மாத்தணும் சார். ரெண்டு நாளு நிறுத்தினா போதும். நானும் தங்கவேலும் பாத்துக்கறோம்."

"எதை வச்சு சொல்றே?"

"ரெண்டு கார்டுதான் போவுது."

கோதண்டம் சிரித்தார். கணக்குப் பிள்ளையையும் கூப்பிட்டுச் சேர்ந்து சிரித்தார். "தபால் கார்டு! நான் லண்டன்ல படிச்சதுல தபால் கார்டைப் பத்தி ஒண்ணும் வரலையே!"

"லண்டன்ல இல்ல சார், நீங்க அம்பத்தூர்ல படிச்சது" என்று வாய்வரை வந்தது. வாய்வரை என்ன, வந்தேவிட்டது. கணக்குப் பிள்ளை சிரிப்பதை நிறுத்தினார்.

"பட்டாளத்து மாவு போயிட்டிருக்கிற நேரத்துல மோட்டாரை நிறுத்தணும்னு எவன் சொன்னாலும் அவன் சர்க்காருக்கு விரோதி. ஞாபகம் வச்சுக்கோ" என்றார் கோதண்டம், ஒவ்வொரு வார்த்தையாக.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. எங்கேயோ தந்திக் கம்பியை அறுத்ததாக, எங்கேயோ தண்டவாளத்தில் கை வைத்ததாக ஆட்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. பட்டாளத்து வேலைக்கு இடைஞ்சல் என்று ஒரு வார்த்தை போதும். தஸ்தகீர் முதல் தடவையாகப் பயந்தார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மனைவி வஹீதுன்னிசா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பர்மா அரிசி நின்றுபோன பிறகு கடையில் கிடைத்ததில் பாதி கல்தான். கணவர் காலையிலிருந்து யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?"

"ஒரு கார்டுக்கு வந்துட்சி வஹீதா."

பத்து வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "நிறுத்திப்புடுங்களேன்" என்றாள்.

"நிறுத்தினா, சர்க்கார் வேலய கெடுத்தான்னு இட்டுகினு பூடுவாங்க."

"நிறுத்தலன்னா?"

"எரியும். எரிஞ்சா, மோட்டார்க்காரன்தான் எரிச்சான்னு இட்டுகினு பூடுவாங்க."

"நல்லா கீதுங்க உங்க வேல!" என்று முறத்தை டக்கென்று கீழே வைத்தாள். "நாளைக்கி போவாதீங்க. காய்ச்சல்னு சொல்லி அனுப்பறேன். எரிஞ்சா எரியட்டும், நீங்க அங்க இல்லன்னா உங்க தலையில எப்டி வைப்பாங்க?"

"நான் இல்லன்னா தங்கவேலு தலையில வைப்பாங்க."

தங்கவேலுவின் மனைவி பொன்னியம்மாளுக்கு ஏழு மாசம். போன வாரம்தான் வஹீதுன்னிசா தன் கையால் மீன் குழம்பு வைத்துத் தூக்குச் சட்டியில் கொடுத்து அனுப்பியிருந்தாள். முறத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப போங்க. வாய மட்டும் மூடிகினு போங்க."

"மோட்டார நிறுத்துன்னு சொல்லு, நிறுத்தறேன். இத சொல்லாத."

திங்கட்கிழமை காலை மில் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்து துரை ஒருவர் மில்லைப் பார்வையிட வருகிறாராம். தஸ்தகீர் மோட்டார் ஓடுவதற்கு முன்னால் அடியில் படுத்து ஒரே ஒரு கார்டுத் துண்டை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நிமிர்ந்து போய்க் கோதண்டத்திடம் சொன்னார். கோதண்டம் புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பதினோரு மணிக்குத் துரை வர்றார். அவர் போற வரைக்கும் உன் தபாலாபீசை மூடி வை" என்றார்.

மோட்டார் ஓடியது. தஸ்தகீர் கொட்டகையை விட்டு நகரவில்லை. குச்சியைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. ஒன்பது மணிக்குப் புறங்கையை வைக்க முடிந்தது, பத்து மணிக்கு முடியவில்லை. பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் முதலாளி வீரராகவன், வெயிலில் வெந்து சிவந்த துரை, துணைக்கு ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், முன்னால் கோதண்டம் என்று ஊர்வலமாக மில்லுக்குள் நுழைந்தார்கள். அந்த நேரத்தில்தான் குச்சியின் வழியாக அந்தச் சத்தம் வந்தது. சர்ர், ஒரு கணம் ஒன்றுமில்லை, மறுபடி சர்ர். இரும்பு இரும்பை நக்குகிற சத்தம்.

பொய் சொல்லுவானேன், ஓடிவிடலாமா என்றுகூடத் தஸ்தகீர் ஒரு கணம் நினைத்தார். எதிரே தங்கவேலு ஒன்றும் அறியாமல் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். "யா அல்லா" என்று சொல்லி ஸ்விட்சை இழுத்தார்.

பெல்ட் தளர்ந்தது, கற்கள் ஒவ்வொன்றாக நின்றன. மில்லுக்குள் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோதண்டம் ஓடிவந்தார்.

"நிறுத்திட்டான்! வேணும்னே நிறுத்திட்டான்! நான் அன்னைக்கே சொன்னேன் முதலாளி, இவன் எதுக்கோ திட்டம் போடறான்னு!"

"உள்ள ஒரசுது எஜமான்" என்றார் தஸ்தகீர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடினா எரிஞ்சிடும். கழட்டிப் பாருங்க, தெரியும்."

சப்-இன்ஸ்பெக்டர் கழற்றிப் பார்க்க வந்தவர் இல்லை. தலையை அசைத்தார். கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும் வந்து தஸ்தகீரின் கையைப் பிடித்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த மனுஷன் நிலைமையை. மோட்டார் எரிந்திருந்தால் கரியையாவது காட்டலாம். எரியாமல் காப்பாற்றினவன் எதைக் காட்டுவான்? அழகாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, கலியாணப் பெண் மாதிரி நின்றது மோட்டார். பார்க்கிற எவனுக்கும் அதில் குறை தெரியாது.

"முதலாளி, கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றார் தஸ்தகீர். வீரராகவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றார்.

அப்போதுதான் கோதண்டம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக மோட்டாரைத் தொடத் துணிந்தார். "கழட்டவே வேணாம். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லைன்னு இப்பவே காட்டறேன்" என்று துரைக்கு இங்கிலீஷிலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் அறிவித்துவிட்டு ஸ்விட்சுப் பக்கம் போனார்.

"வேணாம் சார்!" என்று கத்தினார் தஸ்தகீர். "தங்கவேலு, தள்ளிப் போடா! பெல்ட்டு கிட்ட நிக்காத, தள்ளிப் போ!"

தங்கவேலு எகிறிக் குதித்தான். கோதண்டம் ஸ்விட்சைப் போட்டு, மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்புவதற்கென்று இருந்த பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினார். மோட்டார் உறுமியது. நாலு சுற்றுச் சுற்றியிருக்கும். கொட்டகையே அதிர்கிற மாதிரி ஒரு கரகரப்பு, காற்றுத் துவாரம் வழியாக நீலமாக ஒரு பளிச்சு, டமார் என்று ஒரு வெடி. பச்சைப் பெயிண்ட் கொப்பளித்துப் பொரிந்தது. புகை கூரையை முட்டியது. துரை எல்லோரையும் வெளியே தள்ளினார். கோதண்டம் வெளியே வந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை. மில்காரர்கள் அவருக்கு வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

புகை அடங்க அரைமணி ஆயிற்று. சப்-இன்ஸ்பெக்டர் தஸ்தகீரிடம் வந்து, "எரியும்னு உனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே ஏதோ பண்ணி வச்சிருக்கே" என்றார். எரிந்தாலும் ஜெயில், எரியாவிட்டாலும் ஜெயில், சொன்னாலும் ஜெயில் என்றால் மனுஷன் என்னதான் பேசுவது?

ஆனால் அந்தத் துரை கொஞ்சம் வேறு மாதிரி. பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் எங்கேயோ பட்டறையில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே திருகைப் பிடித்துப் பேரிங் மூடியைத் திறந்தார். விரலை விட்டார். வழித்துக்கொண்டு வந்த வெள்ளித் துகளை வெகு நேரம் பார்த்தார். சுற்றியிருந்த பெயிண்டைக் கத்தியால் கீறி, உள்ளேயிருந்த கண்ணாடி வட்டத்தைப் பார்த்தார். தங்கவேலுவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முன்னால் வந்து கார்டுத் துண்டுகளை நீட்டி, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று விரலை மடக்கிக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் எஞ்சினீர் அறையைக் கைகாட்டினான். துரை புரிந்துகொண்டார். சூடு எழுதுகிற புத்தகத்தைக் கேட்டார்.

புத்தகம் வந்தது. துரை அன்றைய பக்கத்தைத் திறந்து படித்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். பகல் பன்னிரண்டுகூட ஆகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் மோட்டார் நூற்றிருபது டிகிரியில் நன்றாக ஓடியிருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது.

துரையின் முகம் இன்னும் சிவந்தது. சப்-இன்ஸ்பெக்டரிடம் மளமளவென்று பேசினார். கான்ஸ்டபிள்கள் தஸ்தகீரை விட்டுவிட்டுக் கோதண்டத்தின் பக்கம் போய் நின்றார்கள். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, இந்த எஞ்சினீரைத் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்கிற மாதிரி இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்.

"தஸ்தகீர் பாய், துரை உங்களை ஒண்ணு கேட்கச் சொல்றார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அதற்குள் மரியாதை வந்துவிட்டது. "இவர் பொய்யா எழுதியிருக்கார். நீங்க சொல்லியும் கேக்கலை. எல்லார் கண்ணு முன்னாடியும் மோட்டாரைப் போட்டு எரிச்சிருக்கார். யாரோ சொல்லிக் கொடுத்து வேணும்னே செஞ்ச நாசவேலைன்னு துரை நினைக்கிறார். ஆமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பவே கொண்டு போயிடுவோம். வேணும்னுதான் செஞ்சாரா?"

"சொல்லு பாய்!" என்று காதருகே பரபரத்தான் தங்கவேலு. "உன்னிய உள்ள தள்ளப் பாத்தாரே, வுடாத! ஆமான்னு சொல்லு!"

தஸ்தகீர் கோதண்டத்தைப் பார்த்தார். புதுக் கோட்டெல்லாம் கரி. உதடு என்னவோ முணுமுணுத்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. பார்க்கப் பார்க்கத் தஸ்தகீருக்கு இனித்தது. ஏன் இனிக்காது, அவரும் மனுஷன்தானே? ஒரு வார்த்தை. ஆனால் இல்லாத சூட்டை ஒருநாளும் எழுதாத மனுஷன் அவர். உள்ளது எதுவோ அதைத்தான் சொல்ல வந்தது, வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"வேணும்னு எரிக்கணும்னா, இன்னா பண்ணா எரியும்னு தெரியணும் எஜமான்" என்றார். "பேரிங் எங்க கீது, அது தேஞ்சா இன்னா ஆவும், ஒண்ணாவது தெரியணும். அல்லா மேல ஆணையா சொல்றேன், இவரு வேணும்னு பண்ணல. மோட்டார கெடுக்கற அளவுக்குக்கூட இவருக்கு மோட்டாரப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

சப்-இன்ஸ்பெக்டர் மொழிபெயர்த்தார். துரை கோதண்டத்தின் எதிரில் போய் நின்று ஏதோ கேட்டார்.

"இவர் சொல்றது நெசமான்னு கேட்கிறார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நெசம்னா நீங்க வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா எங்களோட வரணும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க."

நூறு பேர் நின்றிருந்தார்கள். மாவு மூட்டை தூக்குகிறவன், பெருக்குகிறவள், கணக்குப் பிள்ளை, வாழைமரம் கட்டினவன் எல்லோரும் இருந்தார்கள். கோதண்டம் இல்லாத தொப்பியைத் தலையில் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நெசம்தான் சார். எனக்கு மோட்டார் தெரியாது."

பத்து வருஷத்தில் எஞ்சினீர் சொன்ன ஒரு விஷயத்தைத் தஸ்தகீர் ஆமோதித்துத் தலையாட்டியது அன்றைக்குத்தான்.